காடு அரக்கிய வேலி

காட்டை வெட்டிக் குடியேறப் போன பதினொரு குடும்பங்களும் லொறியில் முதலில் ஏற்றியது கதியால். சாமி படத்துக்கும் முந்தி, உரலுக்கும் அம்மிக்கும் முந்தி, புழுக்கொடியல் மூட்டைக்கும் முந்தி, கிளுவையும் பூவரசுமாக வெட்டிக் கட்டிய வேலிக் கம்புகள்தான் ஏறின. கண்ணுக்கெட்டிய தூரம் மரமாக நிற்கிற வன்னிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கம்பு கொண்டுபோகிறார்களே என்று லொறிக்காரன் ஆனையிறவு தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தான். அவன் பாவம், வேலி அடைக்காத ஊரிலே பிறந்தவன்.

அந்தச் சனத்துக்கு நிலம் என்பது வேலிக்குப் பிறகுதான். ஊரில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வேலி, கோயிலுக்கும் ஐயர் வீட்டுக்கும் நடுவில் வேலி, சில வீடுகளில் புருசன் பங்குக்கும் பெண்சாதி சீதனத்துக்கும் நடுவில்கூட வேலி. வருஷா வருஷம் வேலி அடைக்கிற காலத்தில், பக்கத்து வளவுக்காரர் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் அங்காலே நட்டு, பழைய குழியை மூடி மிதித்துச் சமப்படுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் வெற்றிலை போடுவார்கள். இதற்கு அரக்குதல் என்று பெயர். அடுத்த வருஷம் அவர் அரக்குவார். ஆக, வேலி நூறு வருஷமாய் நின்ற இடத்திலேதான் நின்றது, சண்டைதான் வளர்ந்தது. சண்டை இல்லாமல் பெண் கொடுத்து எடுத்த வீடுகளுக்கு நடுவில் மட்டும் வேலியில் ஒரு பொட்டு விடுவார்கள், ஓர் ஆள் குனிந்து நுழையுமளவுக்கு ஓர் இடைவெளி. நெருப்பும் உப்பும் குழம்பும் ஊர்க்கதையும் அதற்குள்ளால் போய்வரும்.

சின்னத்தங்கமும் அவள் புருசன் இளையதம்பியும் நாலு வயது மகள் தவமணியும் அந்த லொறியில் கதியால் கட்டின்மேல் உட்கார்ந்து வந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் வயிறு திறக்காமல், நேராத கோயில் இல்லை என்று நேர்ந்து, ஒன்பதாம் வருஷம் பிறந்தவள் தவமணி. ஊரில் அவர்களுக்கு ஒன்றரைப் பரப்பு நிலமும் அதன்மேல் மூன்று வழக்கும் இருந்தன. இங்கே அரசாங்கம் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் ஓர் ஓட்டு வீடும் தந்தது. வீடுகள் எல்லாம் ஓர் அச்சில் வார்த்தவை. முதல் மாதம் களைத்து வருகிற ஆம்பிளைகள் மாற்றான் வீட்டுக்குள் நுழைந்து சோறு கேட்டார்கள்.

காணி என்று காகிதத்தில் எழுதியிருந்தது, நின்றது காடு. வீரை மரத்தில் போட்ட கோடாலி திரும்பி வந்து கையைத்தான் வெட்டியது. எரித்த அடிமரக் குத்திகள் மாதக்கணக்கில் புகைந்தன, அந்தப் புகையிலே சமைத்தார்கள், அதிலே தூங்கினார்கள், அதிலே ஒருத்தி பிள்ளையும் பெற்றாள். வாய்க்கால் வெட்டியிருந்தது, தண்ணீர் வரவில்லை. தண்ணீருக்கு ஒரு கட்டை, ஒரு மைல், நடந்து, யானை குளித்துவிட்டுப் போன மடுவில் கலங்கல் தெளியும்வரை காத்திருந்து அள்ளவேண்டும். அதோடு காய்ச்சல். பகல் பத்து மணிக்கு நடுக்கம் தொடங்கினால் மூன்று சாக்குப் போட்டுப் போர்த்தாலும் கட்டில் ஆடும். கொயினாக் குளிசை தின்று தின்று காது இரைந்து, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் போயிற்று.

ஆனாலும் வந்த கிழமையே வேலி போட்டார்கள். மூன்று பக்கமும் ஊராட்கள், எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள், ஒரு விரல்கூட அரக்க முடியாது. நாலாம் பக்கம் காடு. ஆளில்லாத வளவு, கேள்வி கேட்பார் இல்லை. கை சும்மா இருக்குமா? மாதம் ஒரு சாணாக அந்தப் பக்கம் அரக்கினார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல், பதினொரு வீட்டு ஆம்பிளைகளும். அதிலும் வேடிக்கை என்னவென்றால், அதையும் மத்தியானம் பார்த்துத்தான் செய்தார்கள், காடு சாப்பிடப் போயிருக்கும் என்பதுபோல. ஆறு மாதத்தில் ஆறு சாண், மூன்று முழம்.

ஐப்பசி மழையோடு தவமணிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கொதித்தது, ஐந்தாம் நாள் கண் திறந்து, "அம்மா, ஏணை கட்டி விடணை, ஆடவேணும்" என்று கேட்டாள். கைக்குழந்தைக்குத்தான் சேலையில் ஏணை கட்டுவது. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது, அடுப்பு நனைந்திருந்தது, அவளுக்கே உள்ளங்கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. "நாலு வயசுக் குமருக்கு ஏணையோ? பேசாமல் படடி" என்று சொன்னாள் சின்னத்தங்கம். பிள்ளை பேசாமல் படுத்தாள். பிறகு பேசவேயில்லை.

அந்தக் குடியேற்றத்துக்கு இன்னும் ஒரு சுடலை இல்லை. காணியின் மற்ற இடமெல்லாம் வேரும் குத்தியும். காட்டுப் பக்க வேலியோரத்தில் மட்டும் மண் இளகிக் கிடந்தது. இளையதம்பி அங்கே வெட்டி, சிவப்புச் சீத்தைத் துணிச் சட்டையோடு பிள்ளையைத் தாட்டான். சின்னத்தங்கத்துக்கு அது ஒன்றுதான் ஆறுதல். வேலிக்கு உள்ளேதானே கிடக்கிறாள், காட்டுப் பன்றி கிண்டாது, யானை மிதிக்காது, அடுப்படிக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தால் மேடு தெரியும்.

அடுத்த மாதம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வந்த விசுவலிங்கம் தன் வளவுக் கோடியைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். அடுத்த காணிக்காரர், கோடு கச்சேரிக்கு நடந்தே வயது போனவர், பழைய வழக்குக் கட்டுகளை ஒரு தகரப்பெட்டியில் போட்டு லொறியில் கொண்டுவந்தவர். வீரைக் குத்தியிலிருந்து வேலிக்கு ஐந்து சாண் இருந்தது. இப்போது நாலு. கதியால்கள் நிமிர்ந்து நின்றன. பழைய குழிகள் வேலிக்கு அப்பால் மூடி, மிதித்து, சமப்படுத்தப்பட்டிருந்தன.

"தம்பி, இஞ்சை வாரும்" என்று இளையதம்பியைக் கூப்பிட்டார். "ஆரோ அரக்கியிருக்கிறாங்கள்."

"அங்காலை ஆரண்ணை? காடெல்லோ?"

"அப்ப காடுதான்." விசுவலிங்கம் குனிந்து மூடிய குழியைத் தடவிப் பார்த்தார். "நல்ல கை. பழகின வேலை."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்து வளவுக்காரன் அரக்குவான், அதற்குத்தான் பக்கத்து வளவுக்காரன். அது காடாயிருந்தால் என்ன, கந்தையராயிருந்தால் என்ன, செய்யவேண்டியது ஒன்றுதான் என்று பதினொரு வீடும் இறங்கியது. ஆம்பிளைகள் சாரத்தைச் சண்டிக்கட்டாய்க் கட்டிக்கொண்டு வேலிக்கு மேலால் மூன்று நாள் ஏசினார்கள், காட்டின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினார்கள். பெண்கள் மண் அள்ளி எறிந்து திட்டினார்கள். எறிந்த மண்ணையும் காடு எடுத்து வைத்துக்கொண்டது. பிறகு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். ஒரு கிழமை ஒருவரும் காட்டில் விறகு பொறுக்கவில்லை, குரக்கன் மாவைப் பச்சையாய்க் கரைத்துக் குடித்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தார்கள். காடு மறுபடி ஒரு சாண் வந்தது. எப்போதும் மத்தியானம், எல்லாரும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குனிந்திருக்கும் நேரம். பார்த்துக்கொண்டிருந்தால் வராது.

விசுவலிங்கம் பெட்டியைத் திறந்து அரசாங்கக் கந்தோருக்கு மனு எழுதினார். எதிராளி பெயர் என்ற இடத்தில் காடு என்று எழுதினார். இரண்டு கிழமையில் குடியேற்ற உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார், அவருக்குப் பின்னால் சங்கிலி தூக்கிக்கொண்டு நிலம் அளக்கிற இரண்டு பேர். அவர் வேலி தானாய் நகர்ந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கும் ஊர் அதே பக்கம்தான். வரைபடத்தை விரித்து ஒவ்வொரு காணியாய் அளந்தார். கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினொரு ஆம்பிளைகளையும் வரிசையாய்ப் பார்த்தார்.

"காடு எடுத்தது இரண்டு சாண் எண்டு எழுதியிருக்கிறியள். அது எடுத்ததுக்குப் பிறகும் உங்கடை எல்லாற்றை காணியிலும் நாலு சாண் கூடக் கிடக்குது. இது எப்பிடி வந்தது?"

சின்னத்தங்கம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றவள் மெல்ல முன்னே வந்தாள். நாலு சாண் என்றதும் அவள் கண் வேலியோர மேட்டுக்குப் போயிருந்தது. வேலிக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு விரலிடைதான் மிச்சம்.

"இஞ்சாருங்கோ, எங்கடையிலுமோ?" என்று புருசனைக் கேட்டாள்.

இளையதம்பி நிலத்தைப் பார்த்தான்.

"ஆரின்ரை காணியிலை என்ரை பிள்ளையைத் தாட்டனீங்கள்?"

அளக்க வந்தவர்கள் சங்கிலியைச் சத்தமில்லாமல் சுருட்டினார்கள்.

மறுநாளே பத்து வீட்டுக்காரரும் தங்கள் கதியாலைத் தாங்களே பிடுங்கி நாலு சாண் உள்ளே நட்டார்கள். அரக்கினதை விட்டுக்கொடுப்பதென்பது அந்தச் சனத்தின் வரலாற்றிலேயே நடந்ததில்லை, அன்றைக்கு நடந்தது. காடு பேசாமல் இருந்தது. இளையதம்பி கதியால் பிடுங்க இரும்பு அலவாங்கோடு போனபோது சின்னத்தங்கம் மேட்டின் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"எழும்பு தங்கம்."

"நான் எழும்பமாட்டன். என்ரை பிள்ளையை வேலிக்கு வெளியிலை விட்டிட்டு வீட்டுக்குள்ளை படுக்கச் சொல்லுறியளோ?"

எழும்பவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலியைப் பார்த்தபடியே இருந்தாள், வேலியைப் பார்த்தபடியே சாப்பிட்டாள், நடுக்கம் வந்த நாளில் சாக்கைப் போர்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி பார்த்தாள். அவள் பார்த்திருந்த நாலடி வேலி அசையவில்லை. ஆனால் காட்டுக்குக் கணக்குத் தீரவில்லை. பதினொன்றில் ஒன்று தராவிட்டால் பத்தும் தந்ததாகாது என்று அது நினைத்ததோ என்னவோ, ஐந்தாம் நாள் மற்றக் காணிகளுக்குள்ளே புகுந்தது. இப்போது கிழமைக்கு ஒரு சாண் இல்லை, நாளுக்கு ஒரு சாண், பிறகு நாளுக்கு ஒரு முழம். மற்றவர்களும் காவல் இருந்து பார்த்தார்கள். நூறு கஜ வேலியை யார் பார்த்துத் தீர்ப்பது? ஒரு மூலையைப் பார்த்தால் மறுமூலை வந்தது. கதிர் முற்றி நின்ற குரக்கன் வேலிக்கு அங்காலே போயிற்று, போன அடுத்த நாளே அதற்குள் முள்ளும் கொடியும் இடுப்பளவுக்கு நின்றன. பயறு போயிற்று. சோளம் போயிற்று. சின்னத்தங்கத்தின் வேலியும் இரண்டு பக்கத்தாலும் உள்ளே போய், அவள் இருந்த இடத்தில் மட்டும் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

மார்கழி நடுவில் விசுவலிங்கம் அவளிடம் வந்தார். அவர் பெண்சாதி காய்ச்சலில் அறிவில்லாமல் கிடந்தாள். கஞ்சி காய்ச்ச வைத்திருந்த குரக்கன் வேலிக்கு அப்பால் இருந்தது. சண்டை பிடித்தே வயது போன மனிசன் அன்றைக்குச் சத்தம் போடாமல் நிலத்தில் குந்தினார்.

"தங்கச்சி, நான் வழக்குப் பேச வரேல்லை."

"தெரியும் அண்ணை."

"நாளைக்கோ மறுநாளோ என்ரை குசினி போயிடும். அவளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கை போறது? எங்களுக்கு ஊரிலையும் ஒண்டுமில்லை. எல்லாரும் அரக்கினம், எல்லாரும் விட்டுக் குடுத்தம்."

"உங்கடை நாலு சாணுக்குள்ளை கிடந்தது மண்ணண்ணை. என்ரையிலை கிடக்கிறது பிள்ளை."

அவர் எழும்பிப் போனபோது தலை நடுங்கியது, அது காய்ச்சலா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்போது இளையதம்பி ஒரு வழி சொன்னான். பிள்ளையைத் தோண்டி எடுத்து முற்றத்தில் புதைப்பது, பிறகு வேலியை அதன் எல்லைக்கு அரக்கிவிடுவது. தாட்டதைக் கிண்டக் கூடாதென்று அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவன் நெஞ்செலும்பு தெரிகிற ஆளாகிவிட்டான், சாப்பிட உட்கார்ந்தால் தன் வலது கைப் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்புவான். சின்னத்தங்கம் பாயைச் சுருட்டிக்கொண்டு, "மெல்லமாய்க் கிண்டுங்கோ" என்றாள்.

காலையில் நாலு ஆம்பிளைகள் மண்வெட்டி வைத்தார்கள். முழங்கையளவு போனதும் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் அள்ளினார்கள். அதற்குக் கீழே மண் இல்லை, வேர். காட்டுப் பக்கத்திலிருந்து வந்த வேர்கள், வெள்ளை வெள்ளையாய், நூலளவிலும் கயிறளவிலும், ஒன்றுக்குள் ஒன்று ஓடிப் பின்னி, இரண்டு தலைப்பும் இரண்டு பக்கத்துத் தடித்த வேர்களில் முடிச்சிட்டு, நடுவில் தொய்ந்து ஓர் ஏணை. அதற்குள்ளே சிவப்புச் சீத்தையின் ஓரம் தெரிந்தது. காற்றுப் போகாத அந்தக் குழிக்குள்ளே ஏணை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, ஆட்டுகிறவர் சற்றுமுன்தான் கையை எடுத்ததுபோல.

ஒருவன் வேரை வெட்டக் கத்தியை எடுத்தான்.

"வெட்டாதை!" என்றாள் சின்னத்தங்கம். அவள் குழியின் ஓரத்தில் முழங்காலில் நின்றாள். ஆட்டம் நிற்கப்போகிற நேரம் கையை நீட்டி ஒருதரம் ஆட்டிவிட்டாள், இன்னொருதரமும் ஆட்டிவிட்டாள். "என்னட்டைத்தான் முதல் கேட்டவள்" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற இளையதம்பிக்கு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை பதினொரு வீட்டுக்கும் கேட்டது. பிள்ளை செத்த அன்றைக்கு அழாத அழுகை அது, அன்றைக்கு அவளுக்கும் காய்ச்சல்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "மூடுங்கோ" என்றாள். "நித்திரையாய்க் கிடக்கிறதை எழுப்பவேண்டாம்."

மண்ணை அவளே கையால் தள்ளி மூடினாள். பிறகு அலவாங்கை எடுத்தாள். கதியாலை ஒவ்வொன்றாய் அசைத்துப் பிடுங்கி, நாலு சாண் அளந்து உள்ளே நட்டாள், பழைய குழியை மூடினாள், மிதித்துச் சமப்படுத்தினாள். இளையதம்பி கதியாலைத் தூக்கிக் கொடுத்தான், அளக்க அவனுக்குக் கை வரவில்லை. பார்த்து நின்ற ஆம்பிளைகள் ஒவ்வொருவராய் வந்து பிடித்தார்கள். அவ்வளவும் நட்டு மத்தியானமானபோது மேடு வேலிக்கு அங்காலே இருந்தது. அதற்கு நேரே இரண்டு கதியாலுக்கு நடுவில், இடையடைக்கிற அலம்பல் கம்புகளைக் கட்டாமல், நிலத்திலிருந்து ஐந்து சாண் உயரத்துக்கு ஒரு பொட்டு விட்டாள். நாலு வயதுப் பிள்ளை குனியாமல் வருமளவு.

"பொட்டை அடைச்சு விடு தங்கச்சி" என்றார் விசுவலிங்கம். "பண்டி வரும்."

"வரட்டும். பிள்ளையைக் குடுத்த வீட்டுக்குப் பொட்டு வையாமல் விடுறதோ?"

அது அவர்களுக்கு விளங்குகிற நியாயம்.

அன்றோடு காடு நின்றது. எடுத்த குரக்கனையும் பயறையும் அது திருப்பித் தரவில்லை, எந்த வளவுக்காரன் தந்திருக்கிறான்? விசுவலிங்கத்தின் குசினிக்கு இரண்டு முழம் தள்ளி வேலி நின்றது, ஆனால் அவர் பெண்சாதி தைப்பொங்கலைக் காணவில்லை. அந்த மாசியில் மூன்று குடும்பம் வந்த லொறியிலேயே திரும்பிப் போயிற்று, கதியாலை விட்டுவிட்டு. மற்றவர்கள் இருந்தார்கள், போக இடமில்லாதவர்கள்.

சின்னத்தங்கம் நாள் தவறாமல் விடியற்காலையில் ஒரு சிரட்டையில் கஞ்சியோ கிழங்கோ கொண்டுபோய்ப் பொட்டடியில் வைத்தாள். மத்தியானம் சிரட்டை வெறுமையாய் இருக்கும். எறும்பா, அணிலா என்று அவள் பார்க்கப் போகவில்லை. மத்தியானத்தில் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று அவளுக்குத் தெரியும், பார்த்தால் அந்த வேலியடியில் ஒன்றும் வராது. மகளைக் கண்ணால் காண அவளுக்கு இருந்த ஆசையை அவள் ஒவ்வொரு மத்தியானமும் குசினிக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு விழுங்கினாள். அவளுக்குக் கிடைத்தது ஒன்றுதான். பொட்டின் இரண்டு பக்கக் கதியாலிலும், பிள்ளைகள் போய்வரும்போது கைபிடிக்கிற உயரத்தில், பட்டை தேய்ந்து மினுங்கியது.

ஆறு வருஷம் கழித்து மறுபடி அளக்க வந்தார்கள். இந்தமுறை வந்த உத்தியோகத்தர் இளம்பிள்ளை, கொழும்பில் படித்தவர். யானை வேலி போட உத்தரவு, எல்லாப் பொட்டையும் அடைக்கவேணும் என்று சொன்னார். சின்னத்தங்கம் கையில் கத்தியோடு பொட்டடியில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது.

"இதை அடைக்கேலாது ஐயா. இது என்ரை பிள்ளை வந்து போற பொட்டு."

அவர் இளையதம்பியைப் பார்த்தார். இளையதம்பி தூரத்தில் நின்றான், அந்த ஆறு வருஷமும் அவன் அந்த வேலியைத் தொட்டதில்லை. "ஓம் ஐயா" என்றான் அங்கிருந்தே. உத்தியோகத்தர் குனிந்து பொட்டைப் பார்த்தார். உயரத்தை நாடாவால் அளந்தார். தேய்ந்து மினுங்கின இடத்தைத் தடவினார்.

"சின்னப் பிள்ளைதானே? எத்தினை வயசு?"

"இந்தப் பங்குனியோடை பத்து."

அவர் எழுதாமல் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த காணிக்குப் போனார்.

சின்னத்தங்கம் பொட்டின் மேல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே, அலம்பல் குறுக்கே போகிற கம்பில், கறுத்த நீள முடி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு புருசனைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ. உங்கடை கை வேணும். இவளுக்குத் தலை இடிக்குது."

இளையதம்பி ஆறு வருஷத்துக்குப் பிறகு வேலியடிக்கு வந்தான். வலது கையை விரித்து, பெருவிரலைப் பொட்டின் மேல் விளிம்பில் ஊன்றி, சுண்டுவிரல் எட்டின இடத்தைக் காட்டினான். ஒரு சாண். அவள் கத்தியை ஓங்கி அதுவரைக்கும் வெட்டினாள்.